தளபதியின் ஊருக்கு வந்த பொறுப்பாளர்

1

செத்து மூன்றரை நூற்றாண்டுக்கு மேலான ஒரு மனிதரோடு உங்களுக்கு என்ன கோபம் அம்மா என்று என் மகள் ஆரணி கேட்கிறாள். கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். நான் வேலைக்குப் போகும் பஸ் சந்தைச் சதுக்கத்தில் திரும்பும் இடத்தில் அவருடைய சிலை நிற்கிறது. கக்கத்தில் வேதப் புத்தகம், நீட்டிய விரல். காலங்காத்தாலே நான்தான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்பது போல ஒரு நிற்பு. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, பஸ் தாண்டிய பிறகுதான் நிமிர்வேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இங்கிலாந்தில் ராசாவின் தலையை வெட்டுவித்துவிட்டு, ராசா இல்லாத நாட்டைத் தானே ஆண்டவர் என்றால் விளங்குகிறவர்களுக்கு விளங்கும். மட்டக்களப்பில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு, ஆயுதம் வைத்திருந்தவர்களின் பெயரை வாயில் எடுக்கிற பழக்கம் இல்லை. ‘அவர்’ என்போம், ‘அங்கால உள்ளவர்’ என்போம், கண்ணைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவோம். கடல் கடந்து வந்து தலை நரைத்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் இவரைத் தளபதி என்றே சொல்கிறேன்.

நாங்கள் இருக்கும் சின்னப் பட்டணம் கேம்பிரிட்ஜிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. தளபதி பிறந்ததும் படித்ததும் இந்தச் சுற்றுவட்டாரம்தான். அவர் படித்த பள்ளிக்கூடத்தை ஒரு காட்சிச்சாலை ஆக்கி, அவருடைய தொப்பி, மருந்துப் பெட்டி, முகத்து மருவோடு வரைந்த படம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆரணி பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது அங்கே போய் நின்று, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறாள்.

இங்கிலாந்துக்காரர் தங்களுக்குள் அடிபட்ட சண்டையில் எந்தக் குதிரைப்படை எந்தப் பக்கத்தால் வந்தது என்பது வரை என் பிள்ளைக்கு மனப்பாடம். எங்கள் சண்டை பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டு விறாந்தையில் மாட்டியிருக்கும் அவளுடைய மாமாவின் படம் ஒன்றுதான். அந்தப் படத்துக்கு மாலை போட்டதில்லை, விளக்கு வைத்ததில்லை. சின்ன வயதில் ஒருநாள், மாமா இருக்கிறாரா இல்லையா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதெப்படித் தெரியாமல் இருக்கும் என்று என்னைத் திரும்பக் கேட்டாள். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விடை வேண்டும்.

2

பொறுப்பாளர் எங்கள் பகுதிக்கு வந்தபோது நான் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் வீட்டோடு இருந்தேன். இயக்கத்தில் எங்கள் பக்கத்தைப் பார்க்க நியமிக்கப்பட்டவர் அவர். அவருக்கு என்னென்ன பிடிக்காது என்பதுதான் ஊருக்கு முதலில் தெரிந்தது. சாராயம் பிடிக்காது. சீதனம் பேசுவது பிடிக்காது. கோயில் சடங்குக் காலத்தில் விடிய விடியக் கூத்து ஆடுவது பிடிக்காது. போராடுகிற சனம் கண் விழித்துச் சிரித்துக்கொண்டிருக்கக் கூடாதாம். ஒரு கூத்துக்காரரின் தலையிலிருந்த கிரீட முடியை வாங்கி முழங்காலில் வைத்து முறித்ததை நான் கண்ணால் கண்டேன். தளபதியின் ஆட்களும் இங்கே நாடகக் கொட்டகைகளை மூடினார்கள், கிறிஸ்து பிறந்த நத்தார்க் கொண்டாட்டத்தைக்கூட நிற்பாட்டினார்கள் என்று ஆரணி பிறகு சொன்னபோது எனக்குப் புதினமாக இருக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், எங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. குடிகாரப் புருசனிடம் அடி வாங்கிய பெண்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எந்த வீட்டுக்கு வந்தாலும் கதிரை போட்டால் இருக்கமாட்டார், நிலத்தில் இருப்பார். பச்சைத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். இரவில் பாய்கூட இல்லாமல் வெறும் நிலத்தில்தான் படுப்பாராம். தங்கமான மனிசன் என்றார்கள். நானும் சொன்னேன், வெட்கமில்லாமல் இப்போது அதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் ஊரில் ஒவ்வொரு வீடும் முறை வைத்து இயக்கத்துக்குச் சோற்றுப் பார்சல் கட்டவேண்டும். எங்கள் முறை வருகிற நாளில் அம்மா விடியவே எழும்பி வாவி மீனில் கறி வைப்பாள். நான் வாழையிலையைத் தணலில் வாட்டி, சோற்றை வைத்து, கடதாசியில் சுற்றிக் கட்டுவேன். எங்கள் நேசன் அண்ணன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பான். அப்படிப் போய்வந்து கொண்டிருந்தவன் ஒருநாள் சைக்கிளை மட்டும் திருப்பி அனுப்பினான்.

முதல்முறை வீட்டுக்கு வந்தபோது தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தான். அம்மா அழுதாள். அண்ணன் சிரித்துக்கொண்டு, பொறுப்பாளரும் தங்களோடு நிலத்தில்தான் படுக்கிறார், தங்களோடு ஒரே சோற்றைத்தான் சாப்பிடுகிறார் என்று பெருமையாகச் சொன்னான். அப்படி ஒரு மனிதருக்குப் பின்னால் போவதில் என்ன பிழை என்று அப்பாவிடம் கேட்டான்.

கடைசி முறை வந்தபோது அவன் சாப்பிடவில்லை. பக்கத்து முஸ்லிம் ஊர்ச் சனத்தை விரட்டப் போகச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அப்பா காலங்காலமாக நெல் விற்றது அந்த ஊர் முதலாளிக்கு. நான் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்குக்கு உடுப்பு எடுத்தது அந்த ஊர்க் கடையில். அண்ணனுடைய கூட்டாளிகளில் பாதிப் பேர் அந்த ஊர். “நாங்க ஆமியோட சண்டை பிடிக்கத்தான் போனம். அவங்க நமக்கு என்ன செஞ்சவங்க? நான் போகமாட்டன் எண்டு சொல்லிட்டன்” என்றான். அவனோடு இன்னும் சிலரும் அப்படிச் சொல்லியிருந்தார்களாம். அடுத்த கிழமை அவர்களைத் தோணியில் ஏற்றி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்குக் கொண்டுபோனார்கள். விசாரணை என்றார்கள். பிறகு நாங்கள் அண்ணனைக் காணவில்லை.

பொறுப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கும் கதிரையில் இருக்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்து, உங்கள் மகனைத் தூர இடத்துக்கு ஒரு வேலையாக அனுப்பியிருக்கிறோம், வருவான் என்றார். அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். வெறும் நிலத்தில் படுக்கிற மனிதர் பொய் சொல்லுவார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

வருவான் என்ற அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் செத்தவீடு நடக்கவில்லை. எட்டாம் நாள் செலவில்லை, முப்பத்தொன்றாம் நாள் சடங்கில்லை, வருடாவருடம் திவசமும் இல்லை. உயிரோடு இருக்கலாம் என்கிற பிள்ளைக்குத் திவசம் செய்தால், அது நாங்களே அவனைக் கொன்றது மாதிரி. அப்பா செத்தபோதும் கொள்ளி வைக்க மூத்தவன் வருவான் என்று கடைசி நேரம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கடைசியில் தம்பி சுதன்தான் வைத்தான்.

நான் இந்த நாட்டுக்கு வந்து அகதி என்று கேட்டபோது, விசாரித்த அதிகாரியும் இதைத்தான் கேட்டார். சகோதரன் இறந்துவிட்டாரா? தெரியாது என்றேன். உயிரோடு இருக்கிறாரா? தெரியாது என்றேன். மொழிபெயர்த்தவர் என்னைப் பார்த்து, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் அக்கா என்று மெதுவாகச் சொன்னார். எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். முதல்முறை என்னை மறுத்துவிட்டார்கள். அம்மாவும் பட்டணத்துக்கு, புளியந்தீவுக்குப் போய் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களாம், எனக்கு என் பிள்ளைதான் வேணும் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அதை அவள் போனில் சொன்னபோது, என் அம்மா என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

3

நான் வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு அயர்லாந்துக் கிழவி இருக்கிறாள். காலை உணவு கொடுக்கும்போது ஜன்னலால் பார்த்து, அந்தச் சிலையில் காகம் எச்சமிட்டதா என்று என்னிடம் விசாரிப்பாள். இட்டது என்று சொன்னால்தான் கஞ்சி உள்ளே போகும். தளபதி படையோடு போய் அவளுடைய நாட்டில் செய்த அநியாயத்தை அவள் நேற்று நடந்தது போலச் சொல்லுவாள். அவளுடைய ஊரில் ஒருவரைச் சபிப்பதற்கு அவர் பெயரே போதுமாம். இங்கே அவருக்குச் சிலை, அங்கே அவர் பெயரில் சாபம். செத்த பிறகு அவருடைய பிணத்தைத் தோண்டி எடுத்துத் தூக்கில் போட்டு, தலையைக் கம்பத்தில் குத்தி வைத்தார்கள் என்று ஆரணி சொன்னதை நான் கிழவிக்குச் சொன்னேன். தனக்கு அது எப்பவோ தெரியும் என்றாள். எனக்குத் தெரிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோசம்.

சித்திரை மாதம் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காரர் ஒருவர் போன் எடுத்தார். ஊரிலிருந்து ஒரு பிரமுகர் வருகிறார், லண்டனில் கூட்டம், ஒருநாள் இந்தப் பக்கமும் வருகிறார், சரித்திர இடம் ஒன்று பார்க்க ஆசைப்படுகிறார், உங்கள் மகள் அந்தக் காட்சிச்சாலையில் நிற்கிறாள்தானே என்றார். யார் என்று கேட்டேன். பெயர் சொல்லவில்லை, பாருங்கள், அவரும் மட்டக்களப்பான்தான். “அவர்தான் கா, உங்கட பக்கத்துக்குப் பொறுப்பா இருந்தவர்” என்றார்.

பொறுப்பாளர் இப்போது அரசியல்வாதி. எந்த அரசாங்கம் வந்தாலும் அதற்குப் பக்கத்தில் நிற்பார். வெள்ளை வாகனம், முன்னும் பின்னும் ஆட்கள், பாசிக்குடாவில் பெண்சாதியின் பெயரில் ஹோட்டல். சாராயம் பிடிக்காத மனிதரின் ஹோட்டலில் கடலைப் பார்த்தபடி இருந்து குடிக்க இடம் இருக்கிறதாம். கூத்துக்காரனின் முடியை முறித்தவர் இப்போது பண்பாட்டு விழாக்களுக்குத் தலைமை தாங்குகிறார், பொன்னாடை போர்த்துகிறார். இதையெல்லாம் நான் இங்கே இருந்து போனில் பார்த்துப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

என் மகள் அங்கே நிற்கமாட்டாள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஆரணி அதற்கு முதலே ஓம் சொல்லிவிட்டிருந்தாள். சங்கத்துப் பிள்ளைகளின் குழுவில் கேட்டிருக்கிறார்கள், போராட்டத்தில் நின்ற ஒருவரை நேரில் காண்பது பெரிய விசயம் என்று இவள் துள்ளியிருக்கிறாள். நான் கத்தினேன். மாமாவைக் கொண்டுபோனது இவருடைய ஆட்கள்தான் என்று சொன்னேன். அவள் முகம் சிறுத்துப் போனது. “அப்ப அவருக்குத் தெரியும் தானே அம்மா. நீங்க வந்து கேளுங்க” என்றாள்.

சொன்னேனே, விடை வேண்டும் இவர்களுக்கு. ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. இருக்கிறானா, இல்லையா? இல்லை என்றால் எந்த இடம்? இரண்டு கேள்விதான். நான் வேலைக்கு லீவு போட்டேன்.

4

வந்தார். கோட்டு, நல்ல வாசம், முன்னால் தள்ளிய வயிறு. நான் நினைவில் வைத்திருந்த ஒல்லி மனிதரைத் தேடித்தான் அவருக்குள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எந்தக் கதிரையிலும் இருக்காத மனிதருக்கு, ஓய்வெடுக்க என்று காட்சிச்சாலைக்காரர் போட்டிருந்த கதிரையைச் சங்கத்துக்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டே பின்னால் திரிந்தார். நான் ஓரமாக நின்றேன். வழிகாட்டுகிற பிள்ளையின் தாய் என்று அறிமுகம் செய்தார்கள். வணக்கம் தங்கச்சி என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை.

ஆரணிக்குத் தமிழ் நடுவில் நடுவில் தடுமாறும். ஆனாலும் தமிழில்தான் சொன்னாள். பார்லிமெண்டுக்காகச் சண்டை பிடிக்கத் தொடங்கியவர் இவர், ராசாவுடைய கழுத்தை வெட்டவைத்தவர், அதன்பிறகு அதே பார்லிமெண்டுக்குள் படையைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாரையும் கலைத்துவிட்டு, ராசாவின் மாளிகையில் தானே குடியிருந்தவர் என்றாள். பொறுப்பாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கெட்டிக்காரன் என்றார்.

பிறகு ஆரணி அயர்லாந்துக்குப் போகமாட்டோம் என்று மறுத்த படையினரைப் பற்றிச் சொன்னாள். இதைச் சொல்லத்தான் அவள் யோசித்து வைத்திருந்தாளா, வழமையாகச் சொல்கிறதுதானா, இன்றுவரை அவளிடம் நான் கேட்கவில்லை. அந்தச் சனம் எங்களுக்கு என்ன செய்தது, எங்களுக்குச் சொன்ன உரிமையை முதலில் தாருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். தளபதி அவர்களைப் பிடித்து ஒரு தேவாலயத்துக்குள் அடைத்து வைத்தார். மூன்று பேரை மதில் ஓரம் நிறுத்திச் சுடவைத்தார். மற்றவர்களைத் தேவாலயக் கூரையில் ஏற்றி அதைப் பார்க்க வைத்தார்கள். அவருக்குப் பின்னால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அவருடைய சொந்தப் பொடியன்கள் அவர்கள் என்றாள்.

பொறுப்பாளர் சிரித்தார். சங்கத்துக்காரரைத் திரும்பிப் பார்த்து, படை நடத்தினவனுக்குத்தான் இது விளங்கும் என்பது போலச் சொன்னார். “அது செய்யத்தான் வேணும். போகமாட்டன் எண்டு ஒருவன் சொல்லி, அவன வீட்ட போக விட்டா, நாளைக்கு ஒருத்தனும் போகமாட்டான். நாங்களும் செஞ்சதுதான். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனா செஞ்சம்.”

இத்தனை வருடம் தெரியாது தெரியாது என்று அதிகாரிகளுக்கும் பிள்ளைக்கும் சொன்ன விடையை, இந்த மனிதர் வேறொரு நாட்டுக்காரனின் கதைக்கு ஆமாம் போடுகிற சாட்டில் சொல்லிவிட்டு நிற்கிறார். அவருக்குத் தான் சொன்னது என்னவென்றுகூடத் தெரியவில்லை.

நான் கிட்டப் போனேன். செட்டிபாளையம், நேசனுடைய தங்கச்சி என்று சொன்னேன். பக்கத்து ஊருக்குப் போகமாட்டேன் என்று சொன்ன நேசன். “எந்த இடம் எண்டு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்டும் நான் கேட்கல” என்றேன்.

சங்கத்துக்காரர் என் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். பொறுப்பாளர் அவரைத் தடுத்தார். என்னை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். முகத்தில் பயமில்லை, வெட்கமில்லை. ஒரு ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது.

“என்ன தங்கச்சி, வீட்டில உங்களுக்குச் சொல்லலயா? உங்கட தம்பி சுதன் என்ட ஹோட்டல்லதானே மனேச்சரா இரிக்கான். இடமெல்லாம் அவனுக்குத் தெரியும். அம்மாக்கும் தெரியும். நானே ஆளை விட்டுக் காட்டினன்.”

பிறகு குழுப்படம் எடுத்தார்கள். ஆரணி அதில் நிற்கவில்லை. வெளியே வந்து மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

5

தம்பி பாசிக்குடாவில் வேலை செய்கிறான் என்பது எனக்குத் தெரியும். கொழும்புக் கொம்பனி ஒன்றின் ஹோட்டல் என்றுதான் சொல்லியிருந்தான். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். சின்ன வேலையில் சேர்ந்தவன் கெதியாக மேலே வந்துவிட்டான் என்று நான் இங்கே எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த நாள் அம்மாவுக்கு போன் எடுத்தேன். அழைப்புப் போய்க்கொண்டிருக்கும்போது, அந்த ஆள் பொய் சொல்லியிருக்கவேண்டும் என்று எனக்குள் ஒரு வேண்டுதல். அந்த ஆளிடம் நான் எதிர்பார்த்ததெல்லாம் உண்மையை, இப்போது கும்பிடுவது பொய்யை. அம்மா எடுத்தாள். அவரைக் கண்டேன் என்றேன். அவள் யாரென்று கேட்கவில்லை. அந்தக் கேட்காததிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

எத்தனை காலமாகத் தெரியும் என்று கேட்டேன். சுதன் வேலைக்குப் போகத் தொடங்கின காலத்திலிருந்து என்றாள். ஒரு தேர்தலுக்கு முதல் அந்த ஆள் வீட்டுக்கு வந்தாராம். வந்து எல்லாவற்றையும் சொன்னாராம். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாளாம். தேத்தண்ணி கொடுத்தாயா என்று நான் கத்தினேன். என் பிள்ளையைத் தின்றவனுக்கு நான் நஞ்சா கொடுக்கிறது, பிறகு மற்றப் பிள்ளையை யார் பார்க்கிறது என்று அம்மா கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

பிறகு படுவான்கரைக்குப் போய் இடத்தைப் பார்த்தார்களாம். ஒரு வட்டையின் ஓரம், வயல் உழுகிற இடம், அடையாளம் ஒன்றும் இல்லை. அம்மாவும் தம்பியும் மட்டும் போய், அங்கே அள்ளிய பிடிமண்ணை வாவியில் கரைத்தார்களாம். ஐயரைக் கூப்பிட்டு முப்பத்தொன்றும் செய்தார்களாம். ஊருக்கு அப்பாவின் திவசம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போது அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஒரு வயிற்றில் பிறந்தவனுக்கு முப்பத்தொன்று நடக்கிறது, நான் இங்கே யாருடைய தாய்க்கோ கஞ்சி பருக்கிக்கொண்டு நிற்கிறேன். அவனை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று படத்துக்கு ஒரு பூ வைக்காமல் இருந்திருக்கிறேன். அந்த ஆள் ஒருமுறைதான் பொய் சொன்னார். நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்லியிருக்கிறாய் என்றேன்.

அம்மாவுக்குப் பின்னால் கோழிச் சத்தம் கேட்டது.

“உனக்குச் சொன்னா நீ கத்துவாய் புள்ள. பேப்பருக்குச் சொல்லுவாய், வெள்ளைக்காரனுக்குச் சொல்லுவாய். கத்திப்போட்டு நீ அங்க இருப்பாய். மறுகா அவன்ட முகத்தில முழிக்கிறது நாங்க. சுதனுக்கு ரெண்டு புள்ளையள் இரிக்கு.”

சரியாகத்தான் சொன்னாள். அவளுடைய இடத்தில் நின்று பார்த்தால் பிழை சொல்ல என்னால் ஏலாது. ஆனால் அந்தப் பொறுப்பாளர் எங்களுக்குச் செய்ததை விட இது எனக்கு வலிக்கிறது. அவர் எனக்கு யாரோ, அம்மா எனக்கு அம்மா.

திதி எது என்று கேட்டேன். ஐப்பசித் தேய்பிறை அட்டமி என்றாள். இனி நீயும் செய் மகள் என்றாள். போனை வைத்த பிறகு பழைய கலண்டரை எடுத்துப் போன ஐப்பசியில் அது எந்த நாள் என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நான் அம்மாவோடு கதைத்திருக்கிறேன். என்ன விசேசம், வீட்டில் ஆட்கள் சத்தம் கேட்கிறதே என்று கேட்டதும் நினைவு வந்தது. ஒன்றுமில்லை, சும்மா கொஞ்சப் பேர் சாப்பிட வந்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். எல்லாருக்கும் நான் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன்.